ஒட்டுகது வேற, அப்புகது வேற

பசை சாரைப்போல, வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, அந்த ஒற்றைக் கேள்வியாலேயே பதவி, நிம்மதி, கல்யாணம் மூன்றையும் கோட்டைவிட்ட மனிதரைக் கன்னியாகுமரி மாவட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்காமலிருக்க எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொள்கிறேன். அந்தக் கேள்வி இதுதான்: “ஒட்டிச்சா?”

அவருக்கு ஒரு முழுப்பெயர் இருந்தது. பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ரயில் பெட்டிகளாகத் தொடரும். சொந்த ஊர் புதுக்கடை. வெளிநாட்டில் ஏதோ பெரிய ஆய்வுக்கூடத்தில் பல வருடம் இருந்துவிட்டு, நாங்கள் வேலை பார்த்த தனியார் கல்லூரிக்கு உயிர்வேதியியல் கற்பிக்க வந்து சேர்ந்தார். ரிங்டோனுக்குக் காசு கட்டிப் பாட்டு வாங்கிய காலம் அது. அங்கிருந்து இங்கே ஒருவர் எதற்காக வருவார்? எங்கள் ஸ்டாஃப் ரூம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. “ஏதோ கேஸு” என்றது ஒரு கட்சி. “காதல் தோல்வி” என்றது இன்னொன்று. உண்மையான காரணம் ஒரு மீன் என்று தெரிந்தபோது இரண்டு கட்சிகளுமே மனமுடைந்துபோயின.

மீன் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கல்லூரி. எங்கள் தாளாளர் வளைகுடாவில் ஏசி மெஷின்களை மாட்டியும் கழற்றியும் சம்பாதித்தவர். ஆசிரியர்களையும் அதே முறையில்தான் கையாண்டார். நான் இயற்பியல் விரிவுரையாளர். எங்கள் ஆய்வகத்தில், ஒரு திரவம் எவ்வளவு ஒளிர்கிறது என்று அளக்கும் கருவி ஒன்று இருந்தது. ஆய்வுக்குழு வந்து பார்ப்பதற்காக வாங்கியது. குழு பார்த்துவிட்டுப் போனதும் உறை போட்டுவிட்டோம். சரஸ்வதி பூஜைக்கு மட்டும் உறை எடுத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம். அதன் பொறுப்பாளர் நான். பொறுப்பு என்றால், யாரும் அதைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது.

வந்த முதல் வாரமே பசை சார் உறையை உருவினார்.

“டீச்சரே, இது வேலை செய்யுமா?”

“தெரியாது சார்.”

“எத்தன வருசமாட்டு தெரியாது?”

அன்றைக்கே கருவியைத் துடைத்து, ஓடவைத்துவிட்டார். உள்ளே இருந்து ஒரு பல்லி குடும்பத்தோடு வெளியேறியது. என் நிம்மதியும் அதன் பின்னாலேயே போனது.

அவருடைய வேலைதான் என்ன என்று கேன்டீனில் ஒருவர் கேட்டுவைத்தார். கேட்டிருக்கக் கூடாது. கையில் இருந்த பழம்பொரியைக் கீழே வைத்துவிட்டு சார் ஆரம்பித்தார்.

“நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சவ்வு உண்டும். மதில் மாதிரின்னு வச்சுக்கிடுங்க. மதில்ல வாசல் உண்டும், வாசல்ல பூட்டு உண்டும். அந்தப் பூட்டு ஒரு புரதமாக்கும். நாம முழுங்குக மருந்துல நெறைய, இந்தப் பூட்டுல போயி ஒட்டித்தான் வேலை செய்யுது. எவ்வளவு ஒட்டுது, எவ்வளவு இறுக்கமாட்டு ஒட்டுது, எப்பம் விடுது, இத அளக்கதுதான் எனக்க சோலி.”

“மருந்து போட்டா எல்லாம் ஒட்டத்தானே செய்யும் சார்?” என்றார் கணித ஆசிரியர்.

சார் பழம்பொரி இருந்த காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். “இந்தா, எண்ணெ. இது ஒட்டியிருக்கா? இல்ல. அப்பியிருக்கு. இந்தப் பேப்பர்ல அப்பும், ஒம்ம சட்டையில அப்பும், மேசையில அப்பும். ஒட்டுகதுன்னா, அதுக்குள்ள எடத்துல மட்டும் போயி உக்காரணும். ஒட்டுகது வேற, அப்புகது வேற. மனசிலாச்சா?”

யாருக்கும் மனசிலாகவில்லை. ஆனால் மதியத்துக்குள் கல்லூரி முழுக்க அவருக்குப் ‘பசை சார்’ என்று பெயர் வந்துவிட்டது.

இனி மீன். கடலில் ஷாக் அடிக்கும் திருக்கை ஒன்று உண்டு. அதன் உடம்பில் இரண்டு பக்கமும் மின்சாரம் உண்டாக்கும் உறுப்பு இருக்கிறது. ஒருகாலத்தில் தசையாக இருந்து அப்படி மாறியதாம். பசை சார் தேடிய அந்தப் பூட்டு, மனிதனின் தசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். இந்தத் திருக்கையின் உறுப்பிலோ சந்தைக் கூட்டம்போல நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். வெளிநாட்டில் இதற்காக வருடக்கணக்கில் காத்திருந்தாராம். நம் கரையில் இதை எடுத்துத் தூர எறிகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனிதர் வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

என் வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம். அதனால் அவரைக் கரைக்குக் கூட்டிப்போகும் பாவம் என் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பிரிஜித் அக்காவிடம் சொல்லிவைத்தேன். அவள் ஒரு திருக்கையைக் கடல்தண்ணீரோடு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு வைத்திருந்தாள்.

“டீச்சரே, இவருக்கு ஏதாவது நேர்ச்சையா? நல்ல நெய்மீன் கெடக்கச்சில இந்தச் சவத்தப் போயி கேக்காரே! தொட்டா கை மரத்துப்போவும் சாரே. எங்க ஆளுவ இதக் கண்டா கம்பால தட்டிக் கடல்லயே தள்ளிருவாவ.”

சார் தொட்டார். உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது.

“கொள்ளாம்,” என்றார். “நல்ல ஜீவன் இருக்கு.” சந்தேகம் வந்ததோ என்னவோ, இன்னொரு தடவையும் தொட்டார்.

“மாதாவே, ரெண்டாவதும் தொடுகாரே!” என்று பிரிஜித் அக்கா மார்பில் சிலுவை போட்டாள்.

திருக்கையைத் தெர்மாக்கோல் பெட்டியில் வைத்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். கண்டக்டர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார்.

“பெட்டியில என்னவே?”

“புரதம்,” என்றார் சார்.

“நாறுகே?”

“அது மீன்ல உள்ள புரதமாக்கும்.”

“அப்பம் மீனுதான். மீனு ஏத்தப்பிடாது.”

“இது திங்க மீனு இல்ல அண்ணாச்சி.”

“திங்காத மீன என்னத்துக்குவே சொமந்துட்டு போறீரு?” என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் மூடியைத் திறந்தார். நான் “தொடாதீங்க” என்று சொல்வதற்குள் தொட்டார். அதற்குப் பிறகு அவர் போட்ட சத்தம் வண்டியின் ஹார்னைவிட நன்றாக இருந்தது.

“பஸ்ஸுல எர்த் அடிக்கு! எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க!”

டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு முதல் ஆளாகக் குதித்தார். கூடை, பை, குழந்தை எல்லாவற்றோடும் ஜனங்கள் வெளியே பாய்ந்தார்கள். காலியான பஸ்ஸில் பசை சார் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

“எடம் கெடச்சாச்சு டீச்சரே. உக்காருங்க.”

பூட்டில் மருந்து ஒட்டியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பழைய முறையில், மருந்தோடு கதிரியக்கப் பொருளைச் சேர்த்து அளப்பார்களாம். அதற்கு அனுமதி வேண்டும் என்று சார் போய்த் தாளாளரிடம் கேட்டார். “ரேடியோ ஆக்டிவ்தானே வேணும்? மணவாளக்குறிச்சி கரையில கறுப்பு மணல் கெடக்கு. ஒரு சாக்கு அள்ளிட்டு வாரும்” என்றார் தாளாளர். ஆகவே ஒளிரும் சாயத்துக்கு மாறினோம். மீனின் அந்த உறுப்பை அரைத்து, சவ்வுத் துணுக்குகளைப் பிரித்து, சாயம் சேர்த்த மருந்தோடு கலக்க வேண்டும். வேகமாகச் சுழற்றினால் சவ்வு அடியில் படியும். ஒட்டிய மருந்து அதோடு கீழே போகும். ஒட்டாதது மேலே தண்ணீரில் நிற்கும். எது எங்கே எவ்வளவு ஒளிர்கிறது என்று என் கருவி சொல்லும். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? சுழற்றும் மெஷின் வேகம் பிடிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். அந்த வருடங்களில் தமிழ்நாட்டில் மின்சாரம் விருந்தாளிபோல வந்துபோனது நினைவிருக்கும். கல்லூரியில் கரண்ட் உள்ள ஒரே ஜீவன் அந்தப் பெட்டிக்குள் கிடந்த திருக்கைதான்.

இடையில் அவருக்குக் கல்யாணம் செய்துவைக்க நான் ஒரு முயற்சி எடுத்தேன். கொட்டாரத்தில் நல்ல குடும்பம். பெண் பள்ளிக்கூட ஆசிரியை. காபி வந்தது. பெண்ணின் அப்பா ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

“பிரஷருக்கா?” என்றார் சார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த மாத்திரை வயிற்றிலிருந்து கிளம்பி, ரத்தத்தில் நீந்தி, இதயத்தின் சவ்வில் உள்ள பூட்டைக் கண்டுபிடித்து, அங்கே உட்காரும் வரைக்கும் கூடவே நடத்திக் கூட்டிப்போனார். பெண் நடுவே வந்து வணக்கம் சொன்னாள். “இருங்க, இப்பம் ஒட்டப்போவுது” என்று கை காட்டி நிறுத்திவிட்டார். பெண்ணின் அப்பா சொக்கிப்போனார். “இத்தன டாக்டரப் பாத்தேன், ஒருத்தரும் இப்பிடிச் சொல்லித்தரலியே!” என்று சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சாரைக் கட்டிக்கொள்ளத் தயாராகவே இருந்தார். பெண்தான் தயாராக இல்லை.

இப்படி எல்லோரும் சௌக்கியமாக இருந்தபோதுதான் ஒரு மருந்துக் கம்பெனி எங்கள் தாளாளரைக் கண்டுபிடித்தது. நம் மலைப்பக்கச் செடி ஒன்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருந்தார்கள். தசைப்பிடிப்புக்கு விழுங்கும் மருந்தாக்கப் போகிறார்களாம். அது சாருடைய பூட்டில்தான் ஒட்டி வேலை செய்கிறது என்று ஒரு ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும். சொன்னால் கல்லூரிக்குப் புதிய ஆராய்ச்சிக் கட்டடம். தாளாளருக்குக் கட்டடம் என்றால் ஒரு பலவீனம். கம்பெனிக்காரர்கள் கொடுத்த குப்பியில் கொஞ்சம் அவரே குடித்தும் பார்த்துவிட்டார். “இடுப்புப் பிடிப்பு விட்டுப்போச்சுவே. நீரு அளந்தாலும் அளக்காட்டாலும் இது மருந்துதான்” என்றார்.

முதல் அளவை நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். பொருள் அத்தனையும் சவ்வோடு சேர்ந்து அடியில் போய்விட்டது. மேலே தண்ணீரில் ஒளிர்வே இல்லை. எட்டிப் பார்த்த அட்டெண்டர் இரண்டு படி தாவி ஆபீசுக்கு ஓடினார். தேநீர் நேரத்துக்குள் லட்டு வந்தது. மறுநாள் வாசலில் ஃப்ளெக்ஸ் வந்தது: ‘குமரி மண்ணிலிருந்து உலகுக்கு ஒரு மருந்து!’ படத்தில் தாளாளர் இரண்டு கையாலும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில், தபால்தலை அளவில், பசை சார்.

சார் லட்டு தின்னவில்லை. ஆய்வகத்தை உள்ளே தாழிட்டுக்கொண்டு மறுபடி அளந்தார். கதவைத் திறந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

“டீச்சரே, ஒட்டல. அப்பியிருக்கு.”

“என்ன சார் சொல்றீங்க? நான் பார்த்தேனே!”

“பூட்டு எல்லாத்தையும் மொதல்லயே, ஒட்டும்னு தெரிஞ்ச பழைய மருந்தக்கொண்டு அடச்சிட்டேன். ஒரு வாசலும் ஒழிவில்ல. பொறவு இதப் போட்டா, எடமில்லாம வெளிய நிக்கணுமா இல்லியா? நிக்கல. முன்ன எவ்வளவோ, அவ்வளவும் அடியில கெடக்கு. அப்பம் அது பூட்டத் தேடிப் போகல்ல. சவ்வுல உள்ள கொழுப்புல அப்பியிருக்கு. வெறும் பிளாஸ்டிக் குழாயில விட்டுப் பாத்தேன். அதுலயும் அப்புது.”

தாளாளர் அறையில் நடந்ததற்கு நானும் சாட்சி. கருவிப் பொறுப்பாளர் இல்லையா, என்னையும் கூப்பிட்டார்கள்.

“ஒட்டிச்சுன்னு நீருதானேவே சொன்னீரு?”

“ஒட்டிச்சான்னு கேட்டேன். ஒட்டிச்சுன்னு சொல்லல.”

“லட்டு திங்கச்சில இது தெரியல்லியா?”

“நான் திங்கல்ல சார். எனக்கு சுகர்.”

தாளாளர் எழுந்து கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது. அவர் கத்தும்போது பயமில்லை, மெதுவாகப் பேசும்போதுதான் பயம். “சாரே, அளக்க மிஷினு ஒண்ணுதான் இருக்கு. அளக்க ஆளும் ஒண்ணுதான். ஒட்டிச்சுன்னு ஒரு வார்த்த சொல்லும். புதுக் கட்டடத்துக்கு நீருதான் டைரக்டர். இல்லெங்கி உமக்கும் எனக்கும் ஒட்டாது. டீச்சருக்கும்தான்.”

அந்தக் கடைசி வாக்கியம் எனக்காகச் சொன்னது. கணவர் மஸ்கட்டில் வேலையில்லாமல் இருந்த சமயம். வீடு என் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சார் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தாளாளரிடம் சொன்னார்:

“டீச்சருக்கு மிஷினத் தொறந்துவிடுக வேலதான். அளந்தது நான் மட்டுமாக்கும். அவியள இதுல கூட்டாதீங்க. நாளைக்கு ஒருத்தன் பிடிப்பு விடும்னு நம்பி இத முழுங்குவான். அவனுக்க பூட்டுல நானா போயி ஒட்டப்போறேன்?”

மருந்தை அறிவிக்க ஏற்பாடாகியிருந்த விழா நின்றுவிடும் என்று நினைத்தேன். பந்தல் போட்டாயிற்று, நிற்குமா? சிறப்பு விருந்தினர் வந்தார். கம்பெனிக்காரர்கள் கோட்டுப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மைக்கின் முன்னால் நின்றுவிட்டால் ஒட்டிச்சு என்றுதானே சொல்லியாக வேண்டும் என்பது தாளாளரின் கணக்கு. நிகழ்ச்சி நிரலில் ‘ஆய்வாளர் உரை’ என்று இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார். சார் அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

“எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பொருள நான் அளந்தேன். இது அந்தப் புரதத்துல ஒட்டல்ல. நன்றி.”

தாளாளரின் முகம் நவ்வாப்பழ நிறத்துக்குப் போனது. அடுத்துப் பேச எழுந்த சிறப்பு விருந்தினர், அதுவரைக்கும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ‘ஒட்டல்ல’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“எதிலுமே ஒட்டாத ஒரு மருந்தை நமது பேராசிரியர் கண்டுபிடித்திருக்கிறார்! ஒட்டினால்தானே பக்கவிளைவு? ஒட்டாத மருந்துக்குப் பக்கவிளைவு ஏது? இதுவல்லவோ சாதனை!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. என்.எஸ்.எஸ். மாணவர்கள் விசில் அடித்தார்கள். கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் விஷயம் புரிந்து, சாப்பாட்டுக்கு முன்பே காரில் ஏறினார்கள். அன்றைக்குப் பாயசம் மிஞ்சியது.

கட்டடம் வரவில்லை. அந்தப் பொருள் வீணாகவும் இல்லை. பிற்பாடு அது தைலமாக வெளிவந்தது. புதுக்கடைச் சந்தையில் பார்த்து சாரே ஒரு குப்பி வாங்கிவந்தார். இடுப்பில் தேய்த்தால் குளித்தாலும் போகாது, பனியனிலும் போகாது. “நான் அப்பமே சொன்னேன்லா? நல்லா அப்பும்னு!” என்று ஸ்டாஃப் ரூம் முழுக்கக் காட்டினார். தாளாளர் அதன் நிரந்தர வாடிக்கையாளர் ஆனார்.

என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாரை வேலையை விட்டு நீக்கினால் ஊர் பேசும் என்று, ஹாஸ்டல் மெஸ் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவமானப்படுவார் என்று நினைத்திருப்பார்கள். மனிதர் தோசைக்கல்லின் முன்னால் போய் நின்றுகொண்டு, எந்த எண்ணெய்க்கு எவ்வளவு சூட்டில் மாவு ஒட்டுகிறது என்று சமையல்காரரை வதைத்தார். சமையல்காரர் மூன்றாம் வாரம் தாளாளரின் காலில் விழுந்தார். கொஞ்ச காலம் கழித்து, வடக்கே ஒரு ஆய்வு நிறுவனம் சாரைக் கூப்பிட்டுக்கொண்டது. ‘ஒட்டவில்லை’ என்று அவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்களாம். சில ஊர்களில் அதற்கும் மரியாதை இருக்கிறது.

அவர் கிளம்புவதற்குச் சில மாதங்கள் முன்பு, பள்ளிக்கூடத்தில் இருந்த என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். குடல்வால். உடனே ஆபரேஷன் என்றார்கள். கணவர் மஸ்கட்டில். மயக்கமருந்து டாக்டர் அவசரமாக வந்து, “தசை தளர ஒரு மருந்து போடுவோம். கொஞ்ச நேரத்துக்குத் தானா மூச்சு விடமாட்டா, மெஷின் பாத்துக்கும்” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப்போனார். ‘தானா மூச்சு விடமாட்டா’ என்ற இடத்திலேயே என் காது அடைத்துவிட்டது.

யார் சொன்னார்களோ, மெஸ் சாவிக்கொத்தோடு பசை சார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன மருந்து என்று கேட்டார். எப்படியோ பெயரைச் சொன்னேன்.

“அதுவா? அது நம்ம ஆளுல்லா டீச்சரே! அந்தத் திருக்கைக்க பூட்டும் பிள்ளைக்க தசையில உள்ள பூட்டும் ஏறக்கொறைய ஒண்ணாக்கும். அத நம்ம மிஷின்ல வச்சு எத்தன தடவ அளந்திருக்கோம்! மருந்து பூட்டுல போயி உக்காரும். தச அசையாது. அதுக்குத்தான் மெஷின் மூச்சு. பொறவு பைய ஒவ்வொண்ணா விட்டு எறங்கும். எறங்காம இருக்காது. நான் பாத்திருக்கேன். பயப்படாதீங்க.”

எனக்குச் சொல்லிவிட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து ஓடினார். பஞ்சு கொண்டுபோகிறவர், தரை துடைக்கிறவர், ஒருவரையும் விடவில்லை. “பிள்ள வெரல அசச்சாளா? மூச்சு தானா எடுக்காளா?” என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் மயக்கமருந்து டாக்டரையே வாசலில் மறித்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் கோபமாக என்னிடம் வந்தாள்.

“அங்க நிக்காரே, அந்த ஆளு யாரு? வீட்டு ஆளுன்னா நிக்கட்டும். வேற ஆளுன்னா இப்பமே வெளிய அனுப்புவேன்.”

நான் திரும்பிப் பார்த்தேன். கதவில் இருந்த சின்ன வட்டக் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றிருந்தார். வேட்டி நுனி தரையில் புரண்டுகொண்டிருந்தது.

“எங்க அண்ணன்,” என்றேன்.

எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை.